டெக் டீக்கடை: இடம் மாறிய ஓட்டை!

இந்த வாரம் ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிப்போமா?

உங்க போன்ல ஏதாவது ஒரு ஆப் அப்டேட் ஆகும்போது, ‘என்னென்ன புதுசு’ன்னு ஒரு லிஸ்ட் வருமே... அதைக் கடைசி வரி வரைக்கும் என்னிக்காவது படிச்சிருக்கீங்களா? உண்மையைச் சொல்லுங்க! மேலே கலர் கலரா புது வசதிகள் இருக்கும். கடைசியில ‘சில பிழைகள் திருத்தப்பட்டுள்ளன’ன்னு பொடி எழுத்துல ஒரு வரி இருக்கும். சினிமா முடிஞ்சதும் ஓடற பேர் லிஸ்ட் மாதிரி, அதைப் படிக்க யாரும் உட்கார மாட்டோம். நானும் உட்கார்ந்தது இல்லை. ஆனா, அந்தப் பொடி எழுத்து சமாசாரம் அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு ஷெட்டுக்குள்ள என்னை வேர்த்து விறுவிறுத்து நிக்க வெச்சது. அந்த அனுபவத்துக்கு அப்புறம் நான் முதல்ல படிக்கறதே அந்தக் கடைசி வரியைத்தான்.

மேட்டர் என்னன்னா, கேட் மென்பொருள். கேட்னதும் அம்பத்தூர் ரயில்வே கேட்னு நினைச்சுடாதீங்க. இது கம்ப்யூட்டர்ல டிராயிங் போடற கேட்! ஃபர்ஸ்ட் இயர்ல மினி டிராஃப்டரைத் தோள்ல மாட்டிக்கிட்டு, பஸ்ல போறவங்க வர்றவங்க மூக்கையெல்லாம் பதம் பார்த்தோமே, அந்த வேலையைத்தான் இப்ப மவுஸ் செய்யுது. ஆர்ட்ஸ் காலேஜ் நண்பர்கள் பக்கத்தைத் திருப்பிடாதீங்க. கடைசியில உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கு.

நாலு பிளேட், ஒரு நைட் ஷிஃப்ட்

போன லீவுல நாலு வாரம் இன்பிளான்ட் டிரெயினிங் போயிருந்தேன். பட்டரவாக்கம் ஸ்டேஷன்ல இறங்கினா நடந்து போற தூரம். 1960-களில் உருவான அம்பத்தூர் எஸ்டேட்ல ஆயிரத்துக்கும் மேல யூனிட்கள் இருக்கு. அதுல ஒரு சின்ன யூனிட். பேர் வேண்டாமே! ரெண்டு வி.எம்.சி. மெஷின், ஒரு கிரைண்டிங் மெஷின், எங்கப்பா வயசுல ஒரு லேத், வாசல்ல ஒரு வேப்பமரம். அவ்வளவுதான் மொத்த சாம்ராஜ்யமும். பெரிய கம்பெனிகளுக்கு ஃபிக்ஸ்சர் செஞ்சு கொடுக்கறாங்க. அதாவது, மெஷின்ல ஓட்டை போடும்போது பார்ட்டை ஆடாம அசையாம பிடிச்சு வெச்சுக்கற சட்டம்.

ரெண்டாவது வாரமே எனக்கு கம்ப்யூட்டர் முன்னாடி சீட் கிடைச்சுடுச்சு. ஒரே பந்தா! ‘மூணாவது வருஷ மெக்கானிக்கல்... மாடலிங் எல்லாம் அத்துப்படி சார்’னு பீலா விட்டிருந்தேனே, சும்மாவா?

வந்த வேலை ரொம்பச் சின்னது. ஏற்கெனவே செஞ்சு கொடுத்த ஒரு பேஸ் பிளேட். 200-க்கு 120, கனம் 25 எம்.எம். அதுல டவல் பின் உட்கார ரெண்டு ஓட்டை. வெளி விளிம்புலேர்ந்து சரியா 30 எம்.எம். தள்ளி இருக்கணும். கஸ்டமர் கேட்ட மாற்றம் ஒண்ணே ஒண்ணுதான். அந்த ஓரத்துல 15 எம்.எம். அகலத்துக்குப் படி மாதிரி கொஞ்சம் இறக்கி விடணும். ஓட்டைங்க இருந்த இடத்துலயே இருக்கட்டும்.

பத்தே நிமிஷம். படியை வெட்டினேன், மாடல் தானா மாறிச்சு, டிராயிங் ஷீட்டும் தானா மாறிச்சு. சிவப்புல எச்சரிக்கை எதுவும் வரலை. பிரின்ட் எடுத்துக் கொடுத்துட்டு ஆறு மணி டிரெயினைப் பிடிச்சுட்டேன். ஜன்னல் சீட் வேற!

மறுநாள் காலையில உள்ளே நுழையும்போதே சூப்பர்வைசர் குரல் வாசல் வரைக்கும் கேட்டுச்சு. ராத்திரி ஓடின நாலு பிளேட்லயும் டவல் பின் எதிர் பார்ட்டுக்குள்ள இறங்கலை. நாலும் ரிஜெக்ட். நைட் ஷிஃப்ட் ஆபரேட்டர் அண்ணன் டிபன் பாக்ஸைக் கையில வெச்சுக்கிட்டு, வீட்டுக்குப் போகவும் முடியாம நின்னுட்டிருந்தார்.

“தூங்கிட்டே ஓட்டினியா? பழைய ஜாபும் நீ ஓட்டினதுதானே? ஓட்டை எங்க இருக்கணும்னு தெரியாது?”

அண்ணன் பதில் பேசாம டிராயிங்கை எடுத்து நீட்டினார். அதுல விளிம்புலேர்ந்து ஓட்டைக்கு 45-னு இருந்துச்சு. 30 இல்லை. நான் போட்ட டிராயிங்.

அந்த ரெண்டு நிமிஷம் நான் வாயைத் திறக்கலைங்க. திட்டு அவர் மேல விழுந்துட்டு இருக்கு, நான் தரையைப் பார்த்துட்டு நிக்கறேன். இதை எழுதும்போதுகூட வெட்கமாத்தான் இருக்கு. அப்புறம்தான், “சார், டிராயிங் நான் போட்டது... 45-னு நான் டைப் பண்ணலை, ஆனா அது எப்படி வந்துச்சுன்னு தெரியலை”ன்னு சொன்னேன். பாதி வார்த்தை தொண்டையிலயே நின்னுடுச்சு.

டிராயிங் ஷீட் மூலையில ‘செக்டு பை’ன்னு ஒரு சின்னக் கட்டம் இருக்கும், தெரியுமில்ல? சூப்பர்வைசர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். காலியா இருந்துச்சு. அதுக்கப்புறம் அவரும் சத்தம் போடலை.

கிளம்பறதுக்கு முன்னாடி ஆபரேட்டர் அண்ணன் என்கிட்ட வந்தார். “எனக்கும் டவுட்டு வந்துச்சும்மா. டிராயிங் மாத்தியிருக்குன்னு சொன்னாங்களே, சரி, இதையும் மாத்தியிருப்பாங்க போலன்னு விட்டுட்டேன். மெஷினுக்கு டிராயிங்தாம்மா தெரியும். நீ மனசுல என்ன நெனச்சேன்னு அதுக்குத் தெரியுமா?”

30 எப்படி 45 ஆச்சு?

அன்னிக்குப் பூரா மண்டையைக் குடைஞ்சு கண்டுபிடிச்சேன். கணக்கைப் பாருங்க... 30-ஓட படியோட அகலம் 15-ஐக் கூட்டினா 45. ஓட்டையோட தூரத்தை நான் ‘இந்த விளிம்புலேர்ந்து 30’னு கிளிக் பண்ணிக் கொடுத்திருந்த மாடல் அது. படியை வெட்டினதும் அந்தப் பக்கம் ஒரு விளிம்பு ரெண்டு விளிம்பாயிடுச்சு. மென்பொருள் உள்ளே இருக்கற புது விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு, அங்கேர்ந்து 30 அளந்துடுச்சு! அதுக்கு அது கரெக்ட்தான். அதனாலதான் எச்சரிக்கையும் வரலை.

அது ஏன் தப்பான விளிம்பைப் பிடிச்சுது? இதுக்கு நம்ம ரூட்லயே ஒரு உதாரணம் இருக்கு.

வெளியூர்லேர்ந்து வர்ற உங்க ப்ரெண்டுகிட்ட, ‘ஆவடியிலேர்ந்து சென்ட்ரல் பக்கமா நாலாவது ஸ்டேஷன்ல இறங்கிடு மச்சி’ன்னு சொல்றீங்க. அன்னனூர், திருமுல்லைவாயல், அம்பத்தூர், நாலாவது பட்டரவாக்கம். கரெக்டா வந்து சேருவான். நாளைக்கே நடுவுல புதுசா ஒரு ஸ்டேஷன் கட்டிட்டாங்கன்னு வெச்சுக்குங்க. நாலாவது ஸ்டேஷன் அம்பத்தூர் ஆயிடும். நீங்க சொன்னதை அவன் அட்சரம் பிசகாம கேட்டான், ஆனா தப்பான ஊர்ல நிக்கறான்! ‘பட்டரவாக்கம்’னு பேரைச் சொல்லியிருந்தா இந்த வம்பே இல்லை.

3டி மாடல்லயும் இதே கதைதான். ஒரு பெட்டியை வரைஞ்சா அதோட முகங்களுக்கும் விளிம்புகளுக்கும் மென்பொருள் உள்ளுக்குள்ள முகம் 1, முகம் 2, விளிம்பு 7-னு நம்பர் போட்டு வெச்சுக்கும். மாடலை மாத்தினா நம்பரெல்லாம் திரும்ப முதல்லேர்ந்து போடப்படும். பழைய விளிம்பு 7 வேற, புது விளிம்பு 7 வேற. அதை நம்பி உட்கார்ந்திருந்த ஓட்டை, ஃபில்லெட், சேம்ஃபர் எல்லாம் அம்போ! ஒண்ணு, மாடல் உடைஞ்சு சிவப்பா எரர் வரும். அது நல்லது. இன்னொண்ணு, எரரே வராம இடம் மாறி உட்காரும். எனக்கு நடந்தது இந்த ரெண்டாவது.

இதுக்கு ‘டோபாலஜிக்கல் நேமிங் பிராப்ளம்’னு வாயில நுழையாத பேர் ஒண்ணு இருக்கு. பெயர் வைக்கும் சிக்கல்னு வெச்சுக்குவோமே! ஒரு அளவை மாத்தினா மாடல் பூரா தானா மாறுமே, அந்த முறையை 1988-ல வந்த ப்ரோ-இன்ஜினீயர் மென்பொருள் பிரபலமாக்கிச்சு. அந்த முறை வந்ததும் இந்தச் சிக்கலும் பின்னாடியே வந்துடுச்சு. 1990-களிலேயே இதைப் பத்தி ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதியிருக்காங்க. காசு கொடுத்து வாங்கற பெரிய மென்பொருள்கள் உள்ளுக்குள்ள இதுக்கு வழி வெச்சிருக்கு. அப்படியும் ‘ரெஃபரன்ஸ் தொலைஞ்சுடுச்சு’ன்னு எரரைப் பார்க்காத டிசைனர் இருக்க மாட்டார்.

22 வருஷப் பிழை!

இந்தச் சிக்கலுக்கு ரொம்ப ஃபேமஸான உதாரணம் ஃப்ரீகேட். யார் வேணும்னாலும் இலவசமா இறக்கி, உள்ளே இருக்கற கோடையே பிரிச்சுப் பார்க்கலாம், மாத்தலாம். கட்டற்ற மென்பொருள். 2002-ல முதல் வெர்ஷன் வந்துச்சு. ஆனா நம்பர் மட்டும் 0.1, 0.12, 0.18-னு பூஜ்யத்துலயே ஊர்ந்துட்டு இருந்துச்சு. 2023-ல வந்ததுகூட 0.21 தான்! ‘நாங்க இன்னும் முழுசா ரெடியாகலை’ன்னு இருபது வருஷத்துக்கு மேல நேர்மையா சொல்லிட்டிருந்த மென்பொருள் அது.

1.0-னு போர்டு மாட்டறதுக்கு அவங்க முக்கியமா வெச்சிருந்த கண்டிஷன் ரெண்டு. ஒண்ணு, பல பார்ட்டுகளைச் சேர்த்துப் பூட்டற அசெம்பிளி வசதி உள்ளேயே இருக்கணும். இன்னொண்ணு, இந்தப் பெயர் வைக்கும் சிக்கலுக்கு ஒரு வழி பண்ணணும். ரெண்டும் முடிஞ்சு 2024 நவம்பர்ல 1.0 வந்துச்சு.

வழி என்ன தெரியுமா? கிராமத்துல நம்ம பாட்டிங்க ஆளை அடையாளம் கேக்கற ஸ்டைல்தான்! ‘நீ யாரு மவன்? யாரு பேரன்?’ இந்த முகம் எந்தக் கோட்டை இழுத்ததால பிறந்துச்சு, அப்புறம் எந்த வெட்டுல அது ரெண்டாச்சுன்னு வம்சாவளியையே பேரா எழுதி வெச்சுடறாங்க. வரிசை நம்பர் மாறினாலும் பூர்வீகம் மாறாதில்ல? ரியல்தண்டர்ங்கற புனைபெயர்ல எழுதற ஒரு புரோகிராமர் இதைத் தன்னோட தனிப் பதிப்புல முதல்ல செஞ்சு காட்டினார். ஆனா அது மென்பொருளோட அஸ்திவாரத்துல கை வைக்கற வேலை. அப்படியே தூக்கி ஒட்ட முடியாது. தன்னார்வலர்கள் துண்டு துண்டாப் பிரிச்சு, டெஸ்ட் பண்ணிப் பண்ணி உள்ளே சேர்த்தாங்க. அதுக்கே வருஷக்கணக்காச்சு.

அசெம்பிளி வசதியில பெரிய பங்கு ஆன்ட்செல்னு ஒரு சின்ன நிறுவனத்தோடது. 2024 கடைசியில, 1.0 வெளிவந்த சமயத்தை ஒட்டியே, அந்த நிறுவனம் மூடப்பட்டுடுச்சு. ஆனா அவங்க எழுதின கோட் மூடப்படலை. அது ஃப்ரீகேட்குள்ள எல்லாருக்கும் பொதுவா இருக்கு. கடையை மூடினாலும், தண்ணிப் பந்தல் வெச்சுட்டுப் போன மாதிரி!

சிக்கல் சுத்தமா ஒழிஞ்சுடுச்சுன்னு அவங்க சொல்லலை, பெருமளவு கட்டுக்குள்ள கொண்டு வந்திருக்கோம்னுதான் சொன்னாங்க. அந்த நேர்மை எனக்குப் பிடிச்சிருந்துச்சு.

அம்பத்தூரில் 15 எம்.எம்., ஆகாயத்தில் 530 கி.மீ.!

‘சின்ன ஷெட்டு, சின்னப் பொண்ணு, அதான் சொதப்பிட்டா’ன்னு நினைக்கறீங்களா? ஏர்பஸ் ஏ380 கதையைக் கேளுங்க. ரெண்டு மாடி விமானம். ஒரு விமானத்துக்குள்ள ஓடற ஒயரோட மொத்த நீளம் சுமார் 530 கிலோமீட்டர். சென்னையிலேர்ந்து மதுரையைத் தாண்டிப் போற தூரம்!

ஜெர்மனி, ஸ்பெயின் டீம்கள் டிசைன் பண்ணினது கேட்டியா மென்பொருளோட 4-வது வெர்ஷன்ல. பிரான்ஸ், பிரிட்டன் டீம்கள் 5-வது வெர்ஷன்ல. ரெண்டுக்கும் நடுவுல தகவல் சரியாப் போய்ச் சேரலை. ஹாம்பர்க்ல தயாரான ஒயர் கட்டுகளை டுலூஸ்ல விமானத்துக்குள்ள இழுத்தா, நீளம் பத்தலை! 2006 ஜூன்ல டெலிவரி தள்ளிப் போகும்னு அறிவிச்சதும், தாய்க் கம்பெனியோட பங்கு விலை ஒரே நாள்ல கால் பங்குக்கும் மேல சரிஞ்சுது. முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது 2007 அக்டோபர்ல. ஏறக்குறைய ரெண்டு வருஷம் லேட்.

ஆக, ‘புது வெர்ஷன் வந்தாச்சு, போட்டுடு மச்சி’ங்கறது ஒரு ஆள் விஷயம் இல்லை. உங்க கூட வேலை செய்யற அத்தனை பேரும் ஒரே வெர்ஷன்ல இருக்கீங்களான்னு பார்க்கணும்.

இனிமே இப்படித்தான்!

மீதி ரெண்டு வாரத்துல நான் கத்துக்கிட்டதை உங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன். எந்த கேட் மென்பொருளா இருந்தாலும் இது பொருந்தும்.

ஒண்ணு. ரிலீஸ் நோட்ஸைத் தலைகீழாப் படிங்க. முதல்ல பிழை திருத்தம், அப்புறம்தான் புது வசதி. நீங்க தினமும் பயன்படுத்தற கமாண்ட் பேர் திருத்தப் பட்டியல்ல இருந்தா, உஷார்! அதை வெச்சு இதுவரைக்கும் செஞ்ச பழைய மாடல்களை ஒரு தடவை திறந்து சரிபாருங்க. பிழையைத் திருத்திட்டாங்கன்னா, இதுவரைக்கும் அது தப்பா வேலை செஞ்சிருக்குன்னுதானே அர்த்தம்?

ரெண்டு. கடைசி வருஷ புராஜெக்ட் பாதியில இருக்கும்போது வெர்ஷன் மாத்தாதீங்க. பொதுவா, புது வெர்ஷன்ல சேமிச்ச ஃபைல் பழைய வெர்ஷன்ல திறக்காது. சாலிட்ஒர்க்ஸ்லயே பழைய வெர்ஷனுக்கு ஏத்த மாதிரி சேமிக்கற வசதி 2024 பதிப்புலதான் வந்துச்சு. அதுவும் ரெண்டு பதிப்பு பின்னாடி வரைக்கும்தான். ரிவ்யூ அன்னிக்கு லேப் கம்ப்யூட்டர்ல ஃபைல் திறக்காம, கைடு முன்னாடி அசடு வழியறது தேவையா?

மூணு. கண்ணுக்குத் தெரியற விளிம்பை கிளிக் பண்ணி அளவு வைக்காதீங்க. மாடலுக்கு நடுவுல எப்பவும் அசையாத மூணு அடிப்படைத் தளங்கள் இருக்கும். முக்கியமான ஓட்டைகளை அதுலேர்ந்து அளந்து வைங்க. பார்ட் எப்படி மாறினாலும் அது மாறாது.

நாலு. ஃபில்லெட், சேம்ஃபர் எல்லாம் கடைசியில. கல்யாண வீட்டுல சீரியல் லைட்டு மாட்டறது பந்தல் போட்ட பிறகுதானே?

அஞ்சு. ஒரு அளவை மாத்தினா, மாத்தாத அளவுகளைத்தான் முதல்ல பாருங்க! பழைய பிரின்டையும் புது பிரின்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, ஒவ்வொரு நம்பரா டிக் அடிங்க. எனக்கு அது அஞ்சு நிமிஷ வேலையா இருந்திருக்கும். நாலு பிளேட் பிழைச்சிருக்கும். ஒருத்தர் வாங்காத திட்டை வாங்கியிருக்க மாட்டார்.

ஆர்ட்ஸ் நண்பர்களே, உங்க பங்கு இதுதான்... எக்ஸெல்ல நடுவுல ஒரு கட்டத்தை நுழைச்சு, ‘மூணாவது காலத்துலேர்ந்து எடு’ன்னு எழுதின ஃபார்முலா தப்பான நம்பரைக் காட்டினதே, ஞாபகம் இருக்கா? அதுவும் அதே நாலாவது ஸ்டேஷன்தான்!

காலிக் கட்டம்

என் டிரெயினிங்கோட கடைசி வாரம் அதே பிளேட்டை முதல்லேர்ந்து மாடல் பண்ணினேன். இந்த முறை அடிப்படைத் தளத்துலேர்ந்து. படியோட அகலத்தை 10, 15, 20-னு மாத்தி மாத்திப் பார்த்தேன். ஓட்டைங்க 30-லயே அசையாம உட்கார்ந்திருந்துச்சு. பிரின்ட் எடுத்தேன். ஆறு மணி டிரெயினை விட்டுட்டு, நைட் ஷிஃப்டுக்கு அண்ணன் வர்ற வரைக்கும் காத்திருந்தேன்.

“அண்ணா, நீங்க ஒரு தடவை பார்த்துடுங்க.”

சிரிச்சார். சட்டைப் பையிலேர்ந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டு, வேப்பமரத்தடியில டீயை வெச்சுட்டு, ஒவ்வொரு அளவா விரல் வெச்சுப் பார்த்தார். ஒரு இடத்துல நின்னார். “இந்த ஓட்டைக்கு ஆழம் போடலையேம்மா?”

நான் மறந்துட்டேன்! மென்பொருள் சொல்லலை. அவர் சொன்னார்.

மறுநாள் ஜாப் பாஸ். டவல் பின் வெண்ணெய்ல கத்தி மாதிரி இறங்கிச்சாம். அந்த நாலு பழைய பிளேட்டையும் வேற ஒரு சின்ன ஜாபுக்கு அறுத்து எடுத்துக்கிட்டாங்க. முழு நஷ்டம் இல்லைன்னு சூப்பர்வைசர் சொன்னார். எனக்காகச் சொன்னாரோ என்னவோ!

22 வருஷம் ஒரு பிழையைத் துரத்தினவங்களுக்கு ஒரு சல்யூட். ஆனா அடுத்த பிழை எங்கேயோ உட்கார்ந்துட்டுத்தான் இருக்கும். அதனால, எந்த வெர்ஷன் வந்தாலும் ‘செக்டு பை’ கட்டத்தை மட்டும் காலியா விடாதீங்க ப்ரெண்ட்ஸ்!

அடுத்த வாரம் இதே டீக்கடையில சந்திப்போம். வர்ட்டா?